காலிக் கட்டம்

ஏழாவது கட்டத்தில் ஒரு படம் இருந்தது. அங்கே படம் இருக்க வழியே இல்லை.

நிவா ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டுத் தன் கேம் கருவியை மேசை நடுவில் வைத்தான். புத்தகம்போல் மடித்து மூடக்கூடிய பழைய கைக்கருவி. திரையில் ஆல்பம் திறந்திருந்தது. ஆறு கட்டங்களில் நாங்கள் மூவரும் தூக்கத்தில்கூட வரையக்கூடிய ஆறு படங்கள். ஏழாவதில் ஒரு சமையலறை. தாழ்வான மேசை, நான்கு சோற்றுக் கிண்ணங்கள், மூன்று பேர். நான்காவது கிண்ணம் பார்க்கிறவர் பக்கமாக வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே விடிகிற கடல்.

"யாரு வரைஞ்சது? நல்ல போலி," என்றாள் இசோகாய்.

"போலி இல்ல. கேமுக்குள்ளயே இருக்கு. நேத்து மிஹோகோ திருப்பிக் குடுத்தா. தொறந்தா இப்படி இருக்கு."

மிஹோகோ நிவாவின் தங்கை. பள்ளி மதிய உணவுச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஈரத் தரையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். பொழுது போக எதையாவது கொடு என்று அண்ணனைக் கேட்டிருக்கிறாள். அவன் இதைக் கொடுத்திருக்கிறான். அவள் வாழ்க்கையில் விளையாடிய முதல் கேம்.

"எப்படி வந்துச்சுன்னு அவங்களையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'படிச்சேன், முடிஞ்சுது'ங்கறா."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நகோயாவில், ஓசு கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள காபிக் கடை. எங்கள் ஊரில் பதினொரு மணிக்கு முன்னால் காபி கேட்டால் ரொட்டியும் அவித்த முட்டையும் கூடவே வரும். அதனால் எங்கள் வட்டத்தின் பெரிய விவாதங்கள் எல்லாம் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். அன்று நிவாவின் ரொட்டியில் பூசியிருந்த சிவப்புப் பயற்று இனிப்பு காய்ந்தே போனது. அவன் தொடவில்லை.

இந்த வகைக் கேம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது புரியும். திரையில் ஒரு படம் நிற்கும். கீழே ஒரு பெட்டியில் எழுத்து ஓடும். பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி. சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஆனால் அவ்வப்போது கதை நின்று உங்களைக் கேட்கும்: படகுத்துறைக்குப் போகிறாயா, பள்ளிக்கூடத்துக்குப் போகிறாயா? நீங்கள் சொல்லும் பதிலுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கொடி ஏறும், அல்லது இறங்கும். கதை எதுவும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் எந்தெந்தக் கொடி ஏறியிருக்கிறது என்று பார்த்து ஒரு முடிவுக்குள் உங்களை இறக்கிவிடும். நான் லிப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். லிப்டும் அப்படித்தான். எந்த மாடியில் யார் அழுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், முகத்தில் காட்டாது.

'கடல்முனை விடுதி' வந்து பதினான்கு வருஷமாகிறது. தீவுக்குப் பாலம் கட்ட அளவெடுக்க வந்த ஒருவன் அங்கே ஒரு விடுதியில் இருபத்தொரு நாள் தங்குகிறான். விடுதிக்காரம்மா, அவள் மகள் ஒரியே, படகு ஓட்டும் மாமா. அவ்வளவுதான் கதை. பாலம் வரும், வராது, ஒரியே ஊரை விட்டுப் போவாள், அவன் புயலில் மூழ்குவான் என்று ஆறு முடிவுகள். ஒவ்வொரு முடிவுக்கும் ஆல்பத்தில் ஒரு படம் சேரும். ஆனால் ஆல்பத்தில் கட்டங்கள் ஏழு.

செய்த நிறுவனம் அதே வருஷம் கடையை மூடியது. வழிகாட்டிப் புத்தகம் வரவில்லை. வாங்கியவர்களே கொஞ்சம் பேர். கோப்புகளைப் பிரித்து உள்ளே தோண்டிப் பார்க்கலாம் என்றால், எங்கள் வட்டத்தில் அது பாவம். "பரிமாறுறதுக்கு முன்னாடி அடுப்படியில நுழைஞ்சு சட்டியத் தொறக்கறவன் விருந்துக்கு வந்தவன் இல்ல, திருடன்" என்பது நிவாவின் கருத்து.

நிவாவுக்குக் கருத்துகள் உண்டு. பகலில் வார்டு அலுவலகத்தில் குடும்பப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து அடுத்தவர் பிறப்பையும் திருமணத்தையும் சரிபார்க்கிறவன், மீதி நேரத்தில் கதைக் கேம்களைப் பற்றி எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, ரசிகர்களின் கண்காட்சியில் விற்கிறான். ஞாபகம் இழந்த நாயகனை எழுதுகிறவனுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை என்பான். கேமின் பெயரைக் கதாநாயகி வாயாலேயே சொல்ல வைப்பது கும்பிட்டுக்கொண்டே காசு கேட்பதற்குச் சமம் என்பான். முதல் மூன்று மணி நேரம் சலிப்பாக இருந்தால்தான் அது வீடு. உடனே சுவாரசியமானால் அது கடை. இவை எல்லாவற்றுக்கும் மேல் அவனுடைய முதல் கட்டளை: எல்லாக் கிளையையும் படிக்காதவன் எந்தக் கிளையையும் படிக்கவில்லை. ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் சேவ் செய், ஒரு பக்கம் போய்ப் படி, திரும்பி வா, மறுபக்கம் போ. அதுதான் வாசகனின் நேர்மை.

அப்படி எல்லாக் கிளையும் படித்து முடித்தும் ஏழாவது கட்டம் காலியாகவே நின்றபோது, நிவா அதிலிருந்து ஒரு தத்துவம் செய்தான். அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் ஏழாவது முடிவு. கேமை மூடிவிட்டு நீங்கள் வாழப்போகும் வாழ்க்கையே அந்தப் படம். நான் கிண்டல் செய்யவில்லை. அதைப் படித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன். கண்காட்சியில் "காலிக் கட்டத்துக்காரர்" என்றுதான் அவனைச் சொல்வார்கள். இந்த வருஷம் அவனுடைய எல்லாக் கட்டுரைகளும் 'காலிக் கட்டம்' என்று அறுபத்து நான்கு பக்கப் புத்தகமாக வருவதாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை, ஒரு காலிக் கட்டம் மட்டும். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். கண்காட்சி மேடையில் நாற்பது நிமிஷம் அவன் பேச்சு வேறு.

"கட்டத்துல படம் இருக்குன்னு தெரிஞ்சும் புத்தகம் போட்டா நான் பொய்யன்," என்றான் நிவா. "போடாம விட்டா ஏன்னு கேப்பாங்க. படம் இருக்குன்னு சொல்லணும். எப்படி வரவெச்சேன்னு கேப்பாங்க. நான் வரவெக்கல, எந்தங்கச்சி கட்டுக் கால நீட்டிப் படுத்துக்கிட்டு வரவெச்சான்னு சொல்லணும்."

"சொல்லுங்களேன். கேக்கவே நல்லா இருக்கு," என்றாள் இசோகாய்.

இசோகாய் எங்களைவிடப் பத்து வயது சின்னவள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளர். எங்கள் புத்தகங்களில் வரும் கிளை வரைபடங்கள் எல்லாம் அவள் கை. எந்தத் தேர்வு எந்தக் கொடியை ஏற்றும் என்று ரயில் பாதைபோல் வரைவாள். நிவாவின் தத்துவத்தை அவள் ஒருநாளும் நம்பவில்லை. காலிக் கட்டம் சோம்பேறித்தனம், படம் வரைகிறவர் சம்பளம் வராமல் போய்விட்டார் என்பதுதான் அவள் கட்சி. ஆக அன்று காலை இருவரும் தோற்றிருந்தார்கள். அதனால் வழக்கத்தைவிட ஒற்றுமையாக இருந்தார்கள்.

பழுது பார்க்கிறவன் முதலில் செய்வது, எது காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவது. கருவிக் கோளாறா? கோளாறு திரையைக் கிறுக்கும். நான்கு கிண்ணம் வரைந்து ஆவி பறக்க விடாது. மற்ற ஆறு முடிவையும் பார்த்து முடித்தால் திறக்குமா? எங்கள் மூன்று பேர் கருவியிலும் ஆறும் முடிந்துதான் இருக்கிறது. மீதி இருப்பது, மிஹோகோ எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பதுதான். சேவ் பட்டியலைத் திறந்தால் தெரியும் என்று திறந்தோம். அறுபது பக்கமும் நிவாவின் பழைய சேவ்களால் நிறைந்திருந்தது. அவன் அப்படித்தான் வைத்திருப்பான், தேர்வுக்கு ஒன்றாக.

இசோகாய் வரைபடத்தை விரித்து மிஹோகோவுக்கு போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மூணாம் நாள். படகுத்துறையா, பள்ளிக்கூடமா?"

"எதுல சாப்பாடு வந்துச்சு?"

"படகுத்துறையில வறுத்த கணவாய்."

"அப்ப அதுதான்."

"பதினொண்ணாம் நாள். ஒரியேகூட மலைக்கா, மாமாகூட மீன் பிரிக்கவா?"

"மீன். மலைக்குப் போயி என்ன பண்றது?"

"பத்தொம்போதாம் நாள் புயல்ல படகு ஏறினீங்களா?"

"கால் ஒடிஞ்சு கெடக்கறவ படகு ஏறுவேனா? அண்ணா பக்கத்துல இருக்கானா? இருக்கான்ல? மூச்சு விடற சத்தம் கேக்குது. அண்ணா, மொதல்ல சாப்பிடு."

சாப்பாடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தாள் இசோகாய். அந்தப் பாதை நாங்கள் நன்றாக அறிந்த மூன்றாவது முடிவுக்குப் போகிறது: பாலம் வராது, அவன் படகில் ஊர் திரும்புவான், ஒரியே கரையில் கை அசைப்பாள். நிவா அந்த முடிவுக்கு ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறான்.

இசோகாய் தன் கருவியில் அந்தப் பாதையில் போய்ப் பார்த்தாள். ஏற்கெனவே படித்த வரிகளைக் கடகடவென்று தாவிக் கடக்க ஒரு பொத்தான் உண்டு. புது வரி வந்தால் தானாக நின்றுவிடும். இருபத்திரண்டு மணி நேரக் கதை அப்படி மூன்று மணி நேரத்தில் ஓடிவிடும். ஓடியது. எங்கும் நிற்கவில்லை. ஒரியே கை அசைத்தாள்.

திங்கள், செவ்வாய் இப்படியே போனது. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மிஹோகோ வாய்விட்டுப் படித்துக் காட்டினாளாம். மெதுவாகப் படித்தால் திறக்குமோ என்று நான் அலுவலக இடைவேளையில் ஒரு நாளின் கதையை எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்றும் இல்லை. கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தை மருத்துவமனைச் சிற்றுண்டி நேரத்துக்கு மாற்றிப் பார்த்தாள் இசோகாய். ஒரியே கை அசைத்தாள். நிவா மட்டும் சோதனை எதுவும் செய்யவில்லை. புத்தகத்துக்கு ஒரு புதிய முன்னுரை எழுதிக்கொண்டிருந்தான். படம் இருப்பதும் ஒருவகையில் காலியாக இருப்பதுதான் என்று நிறுவும் முன்னுரை. செவ்வாய் மாலை அதை எங்களுக்கு அனுப்பினான். இசோகாய் மரியாதைச் 'சான்' மாறாமல் ஒரே வரியில் பதில் போட்டாள்: "நிவா சான், தூங்குங்க."

புதன்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. இறால் அப்பளம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மிஹோகோ வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆள் மாத்தி ஆள் வந்து கேக்கறீங்க. போலீஸே தேவல. ஹிபினோ சான், நீங்களாவது அப்பளம் வாங்கிட்டு வந்தீங்களே."

நிவா என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் தங்கையை எனக்குப் பதினைந்து வயதிலிருந்து தெரியும். அவள் எதையும் மறைக்கிறவள் அல்ல. கேள்விதான் தவறு என்று வரும் வழியில் எனக்குத் தோன்றியிருந்தது. முன்பு ஒரு குடியிருப்பில், லிப்ட் தினமும் காலையில் நாலாவது மாடியில் சும்மா நிற்கிறது என்று ஓர் அம்மாள் புகார் செய்தார். எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று கேட்டால் ஒன்று என்றார். மூன்று முறை போயும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலாவது முறை, நீங்கள் எப்படி ஏறுவீர்கள் என்று செய்து காட்டுங்கள் என்றேன். ஏறினார், ஒன்றை அழுத்தினார், குப்பைப் பையைக் கைமாற்ற முதுகைச் சுவரில் சாய்த்தார். முதுகுக்குப் பின்னால் நான்கு. மனிதர்கள் தேர்ந்தெடுத்ததைத்தான் சொல்வார்கள். சும்மா செய்வதைச் சொல்ல அவர்களுக்கே தெரியாது.

நான் கொண்டுபோன என் கருவியை அவள் கையில் கொடுத்தேன்.

"என்ன தேர்ந்தெடுத்தேன்னு சொல்ல வேணாம். ஆஸ்பத்திரில காலைல எழுந்ததுல இருந்து இத வெச்சு கை என்னென்ன பண்ணுச்சோ, அப்படியே பண்ணிக் காட்டு."

"இதுல என்ன இருக்கு?" மூடியைத் திறந்தாள். பொத்தானை அழுத்தி அழுத்திப் படித்தாள். "இப்ப நர்ஸ் வருவா." மூடினாள். தலையணைக்கடியில் வைத்தாள். எடுத்தாள், திறந்தாள், விட்ட வரியிலிருந்து படித்தாள். "இப்ப சோறு வரும்." மூடினாள்.

"ஆஃப் பண்ண மாட்டியா?"

"எதுக்கு? மூடினா தூங்குது, தொறந்தா முழிச்சுக்குது. சார்ஜர் எப்பவும் சொருகியே இருந்துச்சு."

"சேவ்?"

"அந்த ஏட்டுல எழுதறதா? தொறந்து பாத்தேன். அறுபது பக்கமும் அண்ணா எழுதி வெச்சிருக்கான். ஒண்ண அழிச்சாத்தான் நான் எழுத முடியும்னு கேட்டுச்சு. அவனோடத அழிச்சுட்டு அப்பறம் யாரு அவங்கிட்ட வாங்கிக் கட்டிக்கறது? அப்பவே மூடிட்டேன்."

"கடைசி வரைக்கும் ஒரு தடவகூட எழுதலயா?"

"இல்லையே. எழுதணுமா?"

நான் அப்பளத்தைக் கீழே வைத்தேன்.

இந்தக் கேமில் சேவ் செய்யும் பக்கம், விடுதி வாசலில் இருக்கும் விருந்தினர் ஏடு. பொத்தானை அழுத்தினால் ஏடு விரியும், உங்கள் பெயரும் தேதியும் மையில் விழும். முதல் நாளே ஒரியே சொல்வாள்: "ஏட்டுல எழுதுங்க. வர்ற விருந்தாளிங்க எல்லாரும் எழுதுவாங்க." நாங்கள் எல்லோரும் அந்த வரியை, சேவ் செய்யச் சொல்லிக் கொடுக்கும் வரி என்று எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் எழுதினோம். பழைய பக்கத்தைத் திறந்து அங்கிருந்து தொடர்ந்தால் அதுவும் எழுதியவன் கணக்குத்தான். அந்த மூன்று நாள் சோதனையில் இரண்டு முறை புதிதாகத் தொடங்கியிருந்தோம். இரண்டிலும் முதல் தேர்வு வரும் முன்பே எழுதியிருந்தோம். எழுதியது ஞாபகத்தில்கூட இல்லை. லிப்டுக்குள் போனதும் கைப்பிடியைப் பிடிக்கிறவனிடம், பிடித்தாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான்.

"முடிவு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. வேற எப்படி முடியும்? மூணு வாரம் ஒரே வீட்ல சாப்பிட்டவன விருந்தாளின்னா சொல்லுவாங்க?" அப்பளத்தைக் கடித்தாள். "ஏன், அண்ணாவுக்கு வேற மாதிரி முடிஞ்சுதா?"

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வருஷத்தில் இவளைப்போல் இன்னும் எத்தனையோ பேர் ஏட்டில் எழுதாமல் படித்து முடித்திருக்கலாம். அது ஏழாவது முடிவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. முடிவு என்று மட்டும் நினைத்து, மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் போயிருப்பார்கள்.

நிவாவுக்கு போன் செய்தேன். சொன்னேன். மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"மூணாவது புத்தகம், பதினெட்டாம் பக்கம்," என்றான். "'சேவ் பக்கத்தை விருந்தினர் ஏடாக்கியது அழகிய அலங்காரம், ஆனால் கதையோடு அதற்கு உறவில்லை.' நான் எழுதினது."

வியாழன் காலை ஏழரை. நிவா வார்டு அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தான். அதே காபிக் கடை, அதே மேசை. இசோகாயின் கருவியில்தான் ஓட வேண்டும் என்று முடிவு. நிவாவின் கருவியில் அந்தக் கடைசி வரிகளை மிஹோகோ படித்துவிட்டாள், தாவல் அங்கே நிற்காது. இசோகாயுடையதில் அவை புது வரிகள்.

நிவா புதிதாகத் தொடங்கினான். வரிகள் பறந்தன. ஏழு நாற்பதுக்கு முதல் தேர்வு வந்தது. திரையில் ஏடு விரிந்தது, மை விழுந்தது.

"எழுதிட்டீங்க," என்றாள் இசோகாய்.

"நான் எங்க எழுதினேன்?"

"இப்பத்தான். கட்டை விரல்."

நிவா தன் கட்டை விரலைப் பார்த்தான், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல. இசோகாய் கருவியை வாங்கி, பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து அந்தப் பொத்தான்மேல் ஒட்டினாள். மறுபடி முதலிலிருந்து.

அடுத்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது? ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறான், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தேர்வு வரும்போதும் அவன் விரல் பிளாஸ்திரிமேல் போய் உட்கார்ந்து, திரும்பி வந்தது. ஒன்பதாம் நாளில் வியர்த்துவிட்டது. மூடியை மடித்துத் திறக்கும்போது அணைந்து போகுமோ, சார்ஜ் போய்விடுமோ, யாராவது காபியைக் கொட்டிவிடுவார்களோ என்று மூன்று தடவை கேட்டான்.

"நிவா சான், நீங்க நிஜ வாழ்க்கைல ரோட்டத் தாண்டுறதே எப்படி?"

"பாத்துத் தாண்டுவேன்."

"தாண்டறதுக்கு முன்னாடி சேவ் பண்ண முடியாதே."

"அதனாலதான் நான் அதிகமா வெளிய போறதில்ல," என்றான். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

புயல் நாளில் படகில் ஏறவில்லை. மற்றபடி பிடித்ததைத் தேர்ந்தெடுத்தான். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக அவன் எந்தக் கிளைக்கும் திரும்பி வரப்போவதில்லை. தேர்ந்தெடுத்ததோடு போக வேண்டும். கணவாயை விட்டுவிட்டு மலைக்குப் போனான். இசோகாய் வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். "இது ரெண்டாவது முடிவுப் பாதை," என்றாள். நிவா அடுத்த வரிக்குப் போனான்.

பத்து நாற்பதுக்கு, இருபத்தொன்றாம் நாள் மாலை, பறந்துகொண்டிருந்த வரிகள் தாமாக நின்றன.

கணக்கு முடிக்க ஒரியே விருந்தினர் ஏட்டைப் புரட்டுகிறாள். ஒவ்வொரு பக்கமாக. "உங்க பேரே இதுல இல்லையே," என்கிறாள். மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறாள். சமையலறையிலிருந்து அவள் அம்மா என்ன தேடுகிறாய் என்கிறாள். ஒரியே ஏட்டை மூடுகிறாள். "ஒண்ணுமில்லம்மா. விருந்தாளின்னு நெனச்சுட்டேன்." பிறகு நம் பக்கம் திரும்பி: "நாளைக்கு காலைல கூடத்துக்கு வேணாம். அடுக்களைக்கு வந்துடுங்க."

பிறகு அந்தப் படம். நான்கு கிண்ணங்கள்.

நிவா தாவல் பொத்தானைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தான். கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை கண்ணெடுக்கவில்லை. இசோகாய் தன் கருவியில் ஏழாவது கட்டம் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் வந்து, மணி பதினொன்று ஆகப்போகிறது, இன்னொரு ரொட்டி வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

"எப்படி இருக்கு?" என்று நிவாவைக் கேட்டேன்.

"கடைசில கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க," என்றான். "ஆனா அந்த ஏட்ட ரெண்டாவது தடவ மொதல்ல இருந்து புரட்டுறா பாரு. அத எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." ரொட்டி கேட்டான். பயற்று இனிப்போடு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இசோகாய் மடிக்கணினியைத் திறந்தாள். அச்சகக் கோப்பு திரையில் வந்தது.

"நிறுத்தணுமா?"

"வேணாம். அப்படியே போகட்டும்."

"காலிக் கட்டம்தான் முடிவுன்னு அறுபத்து மூணு பக்கமும் சொல்லுது, நிவா சான். தப்புன்னு தெரிஞ்சே அச்சடிக்கப் போறீங்களா?"

"தப்புத்தான். எல்லா முடிவையும் விடாம படிச்சவன் இப்படித்தான் தப்பு பண்ணுவான். அதுவும் ஒரு முடிவு, படிக்கட்டும். முந்தாநாள் அனுப்பின முன்னுரைய எடுத்துடு." ரொட்டியைக் கடித்தான். "கடைசிப் பக்கத்துல அந்தக் காலிக் கட்டம் இருக்குல்ல, அத எடுத்துட்டு அங்க வழிய எழுதணும். மேடையில அத நானே படிக்கறேன். தங்கச்சி பேரோட."

வழியை எழுத உட்கார்ந்தான். இருபது நிமிஷத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினான். விருந்து என்றால் என்ன, பெயர் எழுதுவது என்றால் என்ன என்று அதில் இருந்தது. எப்படிச் செய்வது என்பது இல்லை. இசோகாய் படித்துவிட்டு கணினியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுங்க, ஹிபினோ சான். லிப்டுல ஒட்டுவீங்கல்ல, அந்த மாதிரி."

எழுதினேன். நிவா ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போனது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இதுதான்:

ஏழாவது படம் வர, மருத்துவமனையில் மிஹோகோ செய்தபடி:

பழைய பக்கம் எதையும் திறக்காமல் கதையை முதலிலிருந்து தொடங்குங்கள். பத்தொன்பதாம் நாள் படகில் ஏறாதீர்கள். மற்ற இடங்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. விருந்தினர் ஏட்டில் கடைசிவரை ஒருமுறைகூட எழுதாதீர்கள். இடையில் நிறுத்த வேண்டுமானால் அணைக்காமல் மூடியை மட்டும் மூடுங்கள். சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.